வெள்ளக் கோட்டுக்குக் கீழே உறங்குபவர்கள்

இன்று காரின் டிக்கியைத் திறந்தபோது உன் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. ஆற்றுச் சேறு அதில் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், கையிலிருந்த பால் கேனை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடையின் பார்க்கிங் லாட்டில் நின்றேன். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நீ இல்லை என்பதை அப்போதுதான் யாரோ என்னிடம் சொன்னது போலிருந்தது. தினமும் இப்படித்தான், யாராவது புதிதாகச் சொல்கிறார்கள்.

பல் தேய்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாய். பேச்சு பாதியில் நின்றது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "வெரி ரேர்" என்றார். நூறு வருட வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒரு தடவை வருவதல்ல, ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்போடு வரக்கூடியது என்று இந்த ஊருக்கே படம் போட்டு விளக்கியவள் நீ. "ரேர்னா வராதுன்னு அர்த்தம் இல்லடா" என்பாய். அதை அந்த டாக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையெழுத்துக்குப் பேப்பரை நீட்டினார்.

உன் ஆர்டினன்ஸ், அதாவது ஊர்ச் சட்டம், போன வாரம் கவுன்சிலில் ஓட்டுக்கு வந்தது. டவுன்ஷிப்பின் வெள்ளப்பகுதி இன்ஜினியராக நீ கடைசியாக எழுதியது. இந்த மாதத்துக்குள் புதிய கட்டட விதிகளை நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுக்க யாருக்கும் வெள்ளக் காப்பீடு கிடையாது. ஆற்றங்கரை வீடுகளுக்கு பேங்க் லோனும் கிடைக்காது. இது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நம் தெருவில் பாதிப் பேர் எதிர்த்தார்கள், முக்கியமாக நம் தமிழ் ஆட்கள். ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. அதனால் கராஜை ஒட்டிய கீழ்த்தளத்தில் கார்ப்பெட் போட்டு, சாமி படம் மாட்டி, ஒரு ரூம். வெள்ளம் எட்டும் உயரத்துக்குக் கீழே இருக்கும் அந்த ரூமைத்தான் புதிய விதிகள் தடுத்தன. நம் வீட்டிலும் உன் அம்மா அங்கேதான் படுத்தார். நீ எத்தனை தடவை மேலே கூப்பிட்டும் அத்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாய்: "யாரை ரொம்ப மதிக்கிறோமோ, அவங்களத்தான்டா தண்ணிக்கு முதல்ல குடுக்கறோம்."

எதிர்வீட்டு அங்கிள் மீட்டிங்குக்கு முன்பு வீட்டுக்கே வந்தார். அவருடைய வயதான அம்மாவுக்குக் கீழே படுக்கும் ரூமை ஒட்டிப் பாத்ரூம் கட்ட பெர்மிட் கேட்டிருந்தார். விதி மாறினால் கிடைக்காது.

"தப்பா எடுத்துக்காதப்பா. துக்க வீட்டுல வந்து கேக்கறேன். ஆனா நீ எழுந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். எழுதினவ புருஷனே இந்த ஒரு விதி மட்டும் வேணாம்னு சொன்னா, கவுன்சில்ல ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்."

"திருத்தினா மறுபடி முதல்லேர்ந்து ஹியரிங் வைக்கணும் அங்கிள். கெடு தாண்டிரும்."

"அதெல்லாம் எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்கப்பா. இந்த ஊர்ல எதுக்குத்தான் குடுக்கல?"

நான் தலையாட்டினேன். அப்போது யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஹாலில் கிளார்க் விதிகளைப் படித்தாள். பஸ் டைம் படிப்பது போன்ற குரல். திடீரென்று அந்த வரி வந்தது. வெள்ளக் கோட்டுக்குக் கீழே, மனிதர் உறங்குவதற்கு எந்த இடமும் அமைக்கலாகாது. 'வசிப்பதற்கு' என்றாலே போதும் என்று வக்கீல் சொல்ல, 'உறங்குவதற்கு' வேண்டும் என்று நீ சண்டை போட்டு வாங்கிய சொல். முழித்திருப்பவன் ஓடிவிடுவான் என்பது உன் வாதம். யாரோ ஒரு பெண் வாயில் உன் வாக்கியம் மூச்சுவிட்டது.  

மேயரம்மா என் பெயரைக் கூப்பிட்டு, முதலில் இரங்கல் சொன்னாள். மைக்குக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. அங்கிள் என்னைப் பார்த்துத் தைரியம் சொல்வது போலத் தலையசைத்தார். எழுதிக்கொண்டு போன எதுவும் நினைவில் இல்லை. தமிழில்தான் வந்தது.

"அங்கிள், பாட்டி இப்ப எங்க தூங்கறாங்க?"

"என்னப்பா இது? கீழதான்."

"மழை பெஞ்சா நீங்க எங்க தூங்குவீங்க?"

"சார், இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றாள் மேயரம்மா. நான் அங்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள்தான் தரையைப் பார்த்தபடி, மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "என் அம்மா எங்கே தூங்குகிறார் என்று கேட்கிறான்."

நிறைவேறியது. ஒருவர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். வாசலில் அங்கிள் என்னைத் தாண்டிக் காருக்குப் போனார். ஆண்ட்டிதான், "உன்னை நம்பினோமே" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மறுநாள் லீவு போட்டேன். மாடியில் காலியாக இருப்பது உன் ஆபீஸ் ரூம் ஒன்றுதான். நீ போன பிறகு அதன் கதவைத் திறக்கவில்லை. திறந்தேன். மேஜையைச் சுவரோரம் தள்ளினேன். வரைபடங்களை எடுத்து நம் அலமாரியில் வைத்தேன். நாற்காலியில் உன் ஸ்வெட்டர் தொங்கியது. அதை மட்டும் எடுக்காமல் நாற்காலியோடு நகர்த்தினேன். கீழிருந்து மெத்தையை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து அத்தை படியடியில் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க மாப்ள? அது அவ ரூமுங்க."

"ஆமாங்க அத்தை. இனி நீங்க அங்க படுங்க."

"அத அப்படியே வெச்சிருக்கலாமுங்களே. நான் இங்கயே கெடந்துட்டுப் போறேன்."

"உங்க பொண்ணு சட்டமே போட்டுட்டா அத்தை."

சிரிப்பார் என்று நினைத்தேன். அத்தை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் தோளையும் பற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினார். நடுப்படியில் முட்டி மடங்கி, முழு உடம்பும் என்மேல் சாய்ந்தது. நீ போனதிலிருந்து எதையும் உணராத என் உடம்பில் முதல்முறையாக ஏதோ வலித்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன். இப்போது தினமும் காலையில் அத்தையை இறக்குகிறேன், இரவில் ஏற்றுகிறேன்.