இரண்டு கதிரைகளும் ஒரு வாக்குறுதியும்

மதிப்புக்குரிய தொத்தோரே,

இன்று காலை காப்பி கொதித்துச் சீறத் தொடங்கியபோது நீங்கள் ஒருகாலம் தூது போன அந்த நாட்டின் பெயர் வானொலியில் வந்தது. தங்களுக்கென அணுகுண்டு வேண்டுமா என்று அங்கே மறுபடியும் விவாதிக்கிறார்களாம். வேண்டாம் என்று சொல்ல நேச நாடுகளின் தூதர்கள் புறப்பட்டிருக்கிறார்களாம். அடுப்பை அணைத்துவிட்டு உங்கள் கதிரையில் உட்கார்ந்தேன். நீங்கள் இறந்தபின் வீட்டைக் காலி செய்தபோது உங்கள் மகள் எனக்குத் தந்தது அது. பேருந்தில் ஏற்றக் கூச்சமாக இருந்ததால், சீசாவில் உங்கள் வீட்டிலிருந்து அல்பெர்கேரியாவில் என் வீடு வரை தோளில் சுமந்தே வந்தேன்.

உங்களுக்குச் சமைத்து, மருந்து தந்து, கைபிடித்து நடத்திய ஆண்டுகளில் உங்கள் பழைய உத்தியோகத்தைப் பற்றி நீங்கள் அதிகம் சொன்னதில்லை. இளவயதில் அந்த நாட்டுக்குப் போன தூதுக்குழுவில் நீங்களும் இருந்தீர்கள். பக்கத்து நாட்டுக்குப் பயந்து அவர்கள் குண்டு செய்ய முனைந்த காலம். “உங்களைத் தாக்கினால் நாங்கள் வருவோம், உங்களுக்குக் குண்டு வேண்டாம்” என்பதே நீங்கள் கொண்டுபோன செய்தி. குழுவில் மற்றவர்கள் உதவியை நிறுத்துவோம் என்று மிரட்டிக்கொண்டிருக்க, நீங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய அதிகாரி ஒருவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்களாம்.

“எதிரிலை இருந்தால் ஆளைத்தான் பாப்பம். பக்கத்திலை இருந்தால் ரெண்டுபேரும் கடதாசியைப் பாக்கலாம்” என்றீர்கள். நாம் இத்தாலியனில்தான் பேசினோம். என் நினைவில் உங்கள் பேச்சு யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கிவிட்டது. சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

உங்கள் கடைசிக் குளிர்காலத்தில் அந்த அதிகாரி, அவரும் கிழவராகி, பொல்லூன்றி உங்களைத் தேடி வந்தார். சமையலறை மேசையில் உங்கள் வழக்கப்படி இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன். அவர் ஒன்றை இழுத்து எதிர்ப்புறம் போட்டார்.

“என்ன, பழைய பழக்கத்தை மறந்திட்டியோ?” என்று கேட்டீர்கள்.

“உன்ரை கடதாசியை வேண்டியமட்டும் பாத்தாச்சு. இண்டைக்கு முகத்தைப் பாக்கவேணும்.”

இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினீர்கள். விளங்காதவனைப்போல நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

“எங்கடை ஆக்கள் திரும்பவும் குண்டு எண்டு நிக்கினம்” என்றார் அவர். “அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டுக் கேக்கப்போகினம். அண்டைக்கு வேண்டாம் எண்டு எல்லாரையும் சம்மதிக்க வைச்சது நான். உன்னை நம்பித்தான். இப்ப சொல்லு, அடி விழுந்தால் உங்கடை ஆக்கள் வருவினமோ?”

ஓம் என்று சொல்லிவிடுவீர்கள் என்றே நினைத்தேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்திருந்தார். நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் குழாயை மூடினேன்.

“தெரியாது” என்றீர்கள். “அண்டைக்கு நம்பித்தான் சொன்னனான். இண்டைக்கு அவையளுக்காக நான் சொல்லேலாது.”

“இதைச் சொல்லவோ என்னை இவ்வளவு படி ஏற வைச்சனீ?”

“நீயாத்தானே வந்தனீ. நான் கூப்பிடேல்லை.”

அவர் சிரித்தார். பொல்லை எடுத்துக்கொண்டு எழுந்தபின், “வேண்டாம் எண்டுதான் சொல்லப்போறன்” என்றார். “குண்டு வைச்சிருந்தால் முதல் அடி எங்களுக்குத்தான் எண்டு சொல்லுவன். ஆனா நீங்கள் வருவியள் எண்டு மட்டும் சொல்லமாட்டன்.”

அவர் போனதும், காப்பி மிச்சம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டீர்கள். மிச்சத்தை ஊற்றித் தந்தேன்.

இன்றைய செய்தியிலும் முடிவு இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. போர்கோ வெக்கியோவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுக்கு வேலைக்குப் புறப்பட்ட என் மனைவி, “என்னவாம் செய்தியிலை?” என்றாள். சொன்னேன்.

“அப்ப, அந்தச் சனத்துக்கு அடி விழுந்தால் இவை போவினமோ?”

வன்னியில் போர்க்காலத்தில், யாராவது காப்பாற்ற வருவார்கள் என்று காத்திருந்தவள் அவள். என்ன கேட்டாலும் நிலத்தைப் பார்த்து ஓம், ஓம் என்று சொல்லித் தப்பிவிடுவது என் வழக்கம். இன்று உங்கள் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

“தெரியாது” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையை இறக்கி வைத்துவிட்டு, காப்பிக்குத் தன் கோப்பையை நீட்டினாள்.