அடிப்பாதியில் மழை இல்லை

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே வெயில். பசுமலை ஸ்டாப்பில் இறங்கி லேப் போய்ச் சேர்வதற்குள் முதுகெல்லாம் ஈரம். இன்றைய வேலை: நான்காவது படம் திருத்த. ஸ்லைடுகள் குறைக்க. தம்பி மகளுக்குக் கொலுசு. கேஸ் புக்கிங் (மறுபடி மறந்தாச்சு).

அடுத்த வெள்ளி கமிட்டி. என் ஆராய்ச்சிக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்பு தருவார்களா என்பது அன்றைக்குத் தெரியும். தராவிட்டால் இத்தனை வருடமும் அம்போ. கைடு தேவசகாயம் சாருக்கு என்னைவிடப் படபடப்பு. வந்து வந்து எட்டிப் பார்க்கிறார்.

"அந்த கிராஃப மட்டும் பெருசாப் போடும்மா. அது ஒண்ணு போதும்."

அந்தப் படம் அழகுதான். மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே, கடலடியில் குழாய் இறக்கி எடுத்த மண். மேலே புதுசு, கீழே போகப் போகப் பழசு. உள்ளே மணலைவிடப் பொடியாக, கடலில் மிதந்து வாழ்ந்து செத்த உயிர்களின் ஓடுகள். இந்தக் கடலில் மெல்லிய ஓடு உள்ளவை மழை நன்றாகப் பெய்த காலத்தில் பெருகும். தடித்த ஓடு உள்ளவை எதற்கும் அசையாது. மேல்பாதியில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. நடுவில் கோடு போட்டமாதிரி ஒரு இடம். அதற்குக் கீழே மெல்லியது அறவே இல்லை. அதாவது பல நூறு வருடம் மழை பொய்த்திருக்கிறது, பிறகு திடீரென்று திரும்பி வந்திருக்கிறது. கண்டுபிடித்தது நான். கர்வம்தான். இந்த டைரியில்கூட கர்வப்படக் கூடாதா?

மார்ச் 6, வெள்ளி

புழுக்கம். கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பக்கத்து டேபிள் ஸ்டெல்லா, "ஒரு எடத்துல உக்காருக்கா, எனக்குத் தல சுத்துது" என்றாள். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

அடிப்பாதியில் கடைசியாகப் பாக்கியிருந்த மண்ணை பீக்கரில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். எப்போதும் நன்றாக ஊறி, சல்லடையில் அலசி, காய்ந்த பிறகுதான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். இன்றைக்குப் பொறுமை இல்லை. ஊறவைத்த கொஞ்ச நேரத்திலேயே ஈரமாக ஒரு சிட்டிகை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

மெல்லியது மூன்று. முழுசாக. பளபளவென்று.

இருக்கவே கூடாத இடம். மண் எடுத்த பிரஷ்ஷில் மேல்பாதி ஓடு ஏதாவது ஒட்டியிருந்திருக்கும். ஸ்டெல்லா பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்துவிட்டாள் என்று கத்தினேன். பாவம் அவள். பீக்கரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

வாடிப்பட்டி. தம்பி மகளுக்குக் காதுகுத்து. பிள்ளை போட்ட கூச்சலில் மேளமே அடங்கிப்போனது. அத்தைக்காரி என்று சபையில் நிற்கவைத்தார்கள். கொலுசு அளவு பெரிசு.

பந்தியில் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, மதுரையில ஏது கடலு? நீ என்னத்தப் படிக்கிற?"

"கடல் மண்ணு இங்க வருது சித்தப்பா. அத வச்சு அந்தக் காலத்துல மழ பெஞ்சுச்சா இல்லையான்னு பாக்குறோம்."

"பெஞ்சு முடிஞ்ச மழையவா? அதுக்கு இம்புட்டு வருசமா?"

பந்தியே சிரித்தது. நானும்தான். ஆனால் நினைப்பெல்லாம் லேபில். அந்த மூன்று ஓடு. சுத்தமான பிரஷ்தான் அது, நானே கழுவியது. ஸ்டெல்லாமேல் பழி போட்டேனே தவிர, அப்போதே தெரியும்.

மார்ச் 9, திங்கள்

யாருக்கும் முன்னால் லேப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை பீக்கரை அலசி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

மெல்லியது ஒன்றுகூட இல்லை. மூன்று பார்த்தேனே? ஒன்றாவது இருக்க வேண்டாமா? தடித்த ஓடுகளிலும் பளபளப்புப் போய், வாயில் போட்டுச் சப்பிய கல்கண்டு மாதிரி மழுங்கல்.

பீக்கரைப் பார்த்தேன். தண்ணீர்.

எங்கள் லேப் குழாய்த் தண்ணீர் சரியான உப்பு. காய்ந்தால் தட்டெல்லாம் வெள்ளைப் படலம். அதற்காகத்தான் சார் சொல்லி ஆர்.ஓ. மிஷின் வந்தது. என்ன சந்தோஷம் எங்களுக்கு! அன்றைக்குப் பால்கோவா வேறு. ஸ்டெல்லா டிபன் பாக்ஸைக்கூட அதில்தான் கழுவுகிறாள். ஆனால் உப்பு முழுக்க எடுத்த தண்ணீர் லேசான புளிப்பு, சுண்ணாம்பைத் தின்னும். ஓடு என்பதே சுண்ணாம்பு. மெல்லியது முதலில் கரையும். படித்த பாடம்தான். சுத்தம் சுத்தம் என்று அதை மறந்தோம்.

மேலிருந்து கழுவிக்கொண்டு வந்தேன். பாதிவரை குழாய்த் தண்ணீர். மிஷின் வந்தபோது நான் நடுவில் இருந்தேன். அதற்குக் கீழே எல்லாம் ஆர்.ஓ.

என் படத்தில் இருக்கும் கோடு அதுதான். கடல் போட்ட கோடு இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் இவர் போன்: "வாரேன், லேப் கேட்டு வாசல்ல நில்லு." திருப்பரங்குன்றம் வரை வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இவரே, "சார் திட்டுனாரா?" "இல்ல." "அப்ப நாந்தான் ஏதோ பண்ணிட்டேன்" என்று கேஸ் புக் பண்ண ஆரம்பித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

கடல் மண் எடுத்த குழாயை நீளவாக்கில் பிளந்து மறுபாதியைத் தொடாமல் குளிர்அறையில் வைத்திருப்போம். கோட்டுக்குக் கீழே இருந்து ஒரு துண்டு எடுத்தேன். அதை இரண்டாக்கி ஒன்று குழாய்த் தண்ணீரில், ஒன்று ஆர்.ஓ.வில். மாறிவிடாமல் டேப் ஒட்டியாயிற்று. இனி ஊற வேண்டும்.

வெள்ளிக்கிழமை யாரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். கேட்டதே இல்லை. பேசாமல் பழைய படத்தைப் போட்டால் நீட்டிப்பு கையில். இது தெரிந்திருப்பதுதான் இம்சை. வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று சண்டை. சாம்பார் வைத்தது நான்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்பு கேட்டேன். "எதுக்குக்கா?" என்கிறாள். மறந்தே போய்விட்டாள். எரிச்சலாக இருந்தது.

மார்ச் 12, வியாழன்

முதலில் ஆர்.ஓ. தட்டு. தடித்தது மட்டும். எதிர்பார்த்ததுதான்.

குழாய்த் தண்ணீர்த் தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளவே பயம். இதிலும் மெல்லியது இருக்கக் கூடாது, முருகா. இல்லாவிட்டால் என் கோடு நிஜம். இத்தனை வருடம் மெல்லியது கிடைக்காதா என்று தேடியவள், இன்றைக்கு அது வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

வைத்தவுடன் முதலில் கண்ணில் பட்டதே அதுதான். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எங்கும்.

சாரைக் கூப்பிட்டேன். இரண்டு தட்டையும் மாற்றி மாற்றி ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆர்.ஓ.வா?" அவரே கேட்டார்.

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு வேணா பழைய படத்தையே போட்டுக்கோம்மா. எக்ஸ்டென்ஷன் வந்துரும். அப்புறம் மெதுவா..."

"இல்ல சார்." நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி" என்றார். "மிஷின நாந்தான வேணும்னு நின்னேன்" என்றார், என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து. அவர்மேல் ஆத்திரம். அவருக்காக அழுகையும்.

மார்ச் 13, வெள்ளி

மேகம். பெய்யவில்லை.

முதல் ஸ்லைடை மாற்றிவிட்டேன். ஒரே மண், இரண்டு தண்ணீர். வெளியூரிலிருந்து வந்த மேடம், "அப்போ அந்த வறட்சி?" என்றார். "இல்ல மேடம். வறட்சியே இல்ல." இன்னொருவர், "ஆர்.ஓ. யார் ஐடியா?" நான் வாய் திறக்கும் முன்னால் பின்வரிசையிலிருந்து சார், "என்னோடது."

ஆறு மாதம். கேட்டது ஒரு வருடம். மிச்ச மண்ணை ஒழுங்காகக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை பேப்பர் இன்னும் ஜர்னலுக்குப் போகவில்லை என்றார் ஒருவர். டீ, சமோசா. எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள்.

யாரிடமும் சொன்னதில்லை. அந்த அடிப்பாதியைக் கழுவும்போதெல்லாம், அந்தக் காலத்தில் காய்ந்த வைகை மணலில் ஊற்று தோண்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியை மனதில் வைத்துத்தான் கழுவினேன். இடுப்பில் பிள்ளை. தோண்டத் தோண்ட ஈரம் இல்லை. அவளுக்கு ஒரு பேர்கூட வைத்திருந்தேன்.

அவள் காலத்தில் மழை நன்றாகவே பெய்திருக்கிறது. பிள்ளை வயிறு காயவில்லை. நல்ல செய்திதான். பஸ்ஸில் வீடு வரை அழுதேன்.