தொடர்ச்சியாக

அன்பு மகனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் நலம், நீயும் நலம் என்று ஒரு வரி போட்டால் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்குவேன். இருமல் விட்டுவிட்டது. இன்னும் அந்தக் கட்டில் கடை வாசலில்தான் படுக்கை, கண்ணாடிக்கு உள்ளே மெத்தை, வெளியே நாங்கள். கட்டிலுக்கு ரெண்டு காவல், சம்பளம் மட்டும் எனக்குத்தாம்மா என்று காவலாளி சிரிக்கிறார். பகலில் அடுக்குமாடியில் நாற்பது வீட்டு வாசல் துடைக்கிறேன், ஒன்றுக்கும் என்னிடம் சாவி இல்லை. ஆனால் வரப்போகிறது. வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். தெருவில் கிடக்கிற ஒருத்தருக்கு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, போலீஸ் ரோந்து என்று ஒரு வருஷம் ஆகிற செலவுல ரெண்டு வருஷ வாடகையே கட்டிடலாம்மா, அதான் நிரந்தரமா ரூம் குடுக்கப் போறோம் என்றாள். அப்படியென்றால் எங்களை விரட்டுவதற்கா இவ்வளவு செலவழித்தீர்கள், முதல் நாளே சாவியைக் கொடுத்திருந்தால் உங்களுக்கும் மிச்சம்தானே என்று கேட்டேன். தொடர்ச்சியா ஒரு வருஷம் தெருவுல இருந்தாத்தாம்மா பட்டியல்ல பேரு வரும் என்றாள். முழுக்க நனைந்தவனுக்குத்தான் குடையாம். போகட்டும், அடுத்த மாதம் வருஷம் முடிகிறது. நீ வயிற்றைக் கட்டிப் பணம் அனுப்பாதே, வேளைக்குச் சாப்பிடு, மேஸ்திரியிடம் வாய் கொடுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. புது அறைக் கதவை நீதான் முதலில் திறக்க வேண்டும், இப்போதே லீவு சொல்லி வை.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, மேலே இருப்பது சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இனி நான். அம்மா தூங்குகிறாள், கட்டிலுக்காக எரிகிற விளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, இருந்தும் அவள் புரண்டு படுத்தால் தாளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்கிறேன். அன்றைக்கு அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது கணக்கெடுக்க வந்த அந்த அக்கா என்னிடம், நடுவுல எங்கயாச்சும் தங்குனீங்களா கண்ணு என்று கேட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்க அண்ணன் பணம் அனுப்பி லாட்ஜ்ல ஒன்பது நாள் இருந்தோம், ஃபேன்கூட இருந்துச்சு என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. தாளில் ‘தொடர்ச்சியாக’ என்ற வார்த்தைக்குக் கீழே கோடு போட்டு, அப்ப லாட்ஜை விட்டு வந்த நாள்லேர்ந்துதான்மா எண்ணணும் என்றார். அம்மாவிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தினமும் விடிந்ததும் அம்மா கடைத் தூணில் செங்கல் துண்டால் ஒரு கோடு போடுகிறாள். இன்றோடு முந்நூற்று முப்பத்தெட்டு. அந்த அக்காவின் தாளில் அறுபத்தொன்றுதான். அடுத்த மாதம் பட்டியல் படிக்கும்போது நான் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இருமல் விடவில்லை அண்ணா. இப்போதுகூட இருமுகிறாள். ஆனாலும் அறை எடுக்கப் பணம் அனுப்பிவிடாதே. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.

தங்கை