நெடுங்கல் மதிற்காவலரின் மாலைக்கண்

வெற்றி விளைக! மழை பிழையாதாகுக! ஏழ்மலை சூழ்ந்த செங்கரை நாட்டை ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் பொன்வரைக்கோ வேந்தரின் திருவாணைப்படி, அவர்தம் அமைச்சன் ஆதிமாறன், தென்னெல்லைக் கருங்குன்றக் கோட்டைத் தலைவர் நன்னாகனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மதில் உயர்க. உம் வீரர் நலம் பெறுக.

உமக்கு அண்டையில் நெடுங்கல் கோட்டை காக்கும் எயினங்கோவுக்கு நேர்ந்ததை நீர் அறிதல் வேண்டும் என்பது வேந்தர் திருவுளம்.

எயினங்கோ போரில் அஞ்சாதவர். பிறர் தவறு பொறாதவர். சென்ற மாசியில் ஒருநாள், அந்தி மயங்கும் வேளையில், எல்லைக் கள்வர் கோட்டைக் குதிரைகள் இருபதை மதிலடி வழியாகவே ஓட்டிச் சென்றனர். மேலே காவல் நின்றவர் மூவர். அவருள் மூத்தவனாகிய கடுவன் விசாரணையில் சொன்ன சொல்லையே இங்கு எழுதுகிறோம்: "குளம்புச் சத்தம் நல்லாக் கேட்டுச்சு தலைவரே. குதிரைதான் கண்ணுக்குத் தெரியலை."

அவை சிரித்தது. எயினங்கோ சிரிக்கவில்லை. மூவரும் பகைவரோடு கூடிய துரோகிகள் எனத் தீர்ப்பளித்து, காவலில் கண்மூடியோர்க்குப் பழஞ்சட்டம் விதிக்கும் தண்டனையைக் கூறினார்: கண் பறித்தல். பாராமல் விட்ட குற்றத்துக்கு என்றென்றும் பாராமையே தண்டம் என்பதில் நம் முன்னோர் கண்ட நீதிநயம் எமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

ஆயினும் எயினங்கோ எவரிடமும் சொல்லாத செய்தி ஒன்றிருந்தது. பகலில் பருந்தின் இறகை எண்ணக்கூடிய அவர் கண்ணுக்கு, ஒரு திங்களாகவே, பொழுது சாய்ந்தால் படிக்கட்டு தெரிவதில்லை. மாலைதோறும் மெய்க்காவலன் தோளில் கைவைத்தே நடந்தார். கண்டோர், தலைவருக்கு வீரர்மீது எத்துணை அன்பு என்று மெச்சினர்.

தண்டனை நாளன்று முற்றத்தின் மூலையில் இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. வெயில் மங்கிய வேளையில் இறங்கி வந்த எயினங்கோ, கடுவன் எங்கே என்று உரத்து வினவினார்.

"உங்க எதிர்லதான் நிக்கிறேன்," என்றது இரண்டு முழத் தொலைவிலிருந்து ஒரு குரல். "தலைவருக்கும் தெரியலையா?"

அக்குரலில் ஏளனம் இல்லை, இரக்கம் இருந்தது. அதுவே அவரைச் சுட்டது. பொய்யுரைக்க அவருக்கு ஒரு கணம் வாய்த்தது. அக்கணத்தை விட்டுவிட்டு, "தெரியவில்லை," என்று அனைவரும் கேட்கச் சொன்னார். இரும்பை நீரில் இடச் செய்தார்.

மறுநாள் அடிவாரத்து ஊரிலிருந்து மருத்துவச்சி கொற்றி வந்தாள். அவள் கண்களைப் பார்க்குமுன் அடுப்பைப் பார்த்தாள். பத்துத் திங்களாகக் கோட்டையில் கஞ்சியும் உப்பும் புளியுமன்றி வேறில்லை என்றறிந்தாள். "இது துரோகமும் இல்ல, தெய்வக் குத்தமும் இல்ல. மாலைக்கண்ணு. கீரை, பால், ஈரல் எதுவும் இல்லாத சோத்துக்கு வர்ற நோய். தலைவரும் அதே சோறுதானே?" என்றாள்.

செய்தி பரவவே, கோட்டையார் அனைவரும் தத்தம் கண்களோடு வந்து வரிசையில் நின்றனர். ஊசி செய்வோர் வஞ்சகமாகக் காதைச் சிறிதாக்கிவிட்டனர் என்ற தையற்காரனுக்கு, நாற்பது வயதைக் கடந்தோர்க்கெல்லாம் அருகிலுள்ளது மங்கும் வெள்ளெழுத்து என்றாள். ஈராண்டாக மலையில் பனி விலகவில்லை என்று வருந்திய முதிய முரசறைவோனுக்கு, பனி மலையில் இல்லை, முதுமையால் கண்மணிக்குள் படிந்த புரை என்றாள். கண்ணேறு பட்டதென்று நெற்றியில் கரி பூசி வந்த சமையற்காரனை, புகை போக ஒரு சாளரம் திறக்கச் சொன்னாள். கண் சிவந்து பீளை கட்டியிருந்த வீரர் எழுவரும் ஒரே துண்டால் முகம் துடைப்பதைக் கண்டு, அத்துண்டைத் தானே ஒரு கோலால் எடுத்து நெருப்பிலிட்டாள்.

இறுதியாக, முன்பு கீரைக்கு என்ன செய்தீர் என்று வினவினாள். மதிலுக்கு வெளியே அறுபது முருங்கை நின்றன என்றார் எயினங்கோ. அவை இப்போது எங்கே என்றதற்கு அவர், காவலர் கண்ணுக்குத் தொலைவு தடையின்றித் தெரிய வேண்டும் என அரண்மனையிலிருந்து ஆணை வந்ததால் வெட்டப்பட்டன என்றார். அவ்வாணையில் முத்திரையிட்டவன் இவ்வோலை விடுக்கும் அமைச்சனே என்பதை இங்கு மறைப்பதற்கில்லை.

ஆட்டீரலும் அடிவாரத்துக் கீரையும் உண்டு, பத்தாம் நாள் அந்தியில் கடுவன் மதிலேறி, தொலைவில் மேயும் ஆடுகளை எண்ணிச் சொன்னான். எயினங்கோ தாமும் எண்ணிப் பார்த்தார், ஒன்று குறைந்தது. கடுவன் எண்ணிக்கையே சரி என்று ஏற்றார். மூவரும் விடுதலை பெற்றனர். தலைமையைத் துறக்க அவர் விடுத்த வேண்டுகோளை வேந்தர் மறுத்து, புதிதாய் நட்ட முருங்கை தழைக்கும்வரை அந்திக் காவலில் அவரும் நிற்கப் பணித்தருளினார்.

ஆகவே, மரம் வெட்டச் சொன்ன அதே ஆணை உமக்கும் முன்பே வந்திருப்பதாலும், நீர் ஆணையைப் பழுதின்றி நிறைவேற்றுபவர் என்று பெயர் பெற்றிருப்பதாலும், அவ்வாணை இன்றோடு நீங்கிற்று என அறிக. உம் முருங்கை நிற்க; வெட்டுண்டிருப்பின் மீண்டும் நடுக. கோடரி விறகுக்குச் செல்க. கண்மூடியோர் தண்டனை நம் நாடெங்கும் ஒழிக. வேந்தர் முத்திரை இட்டோம்.

இவ்வோலை கண்டவுடன் இவ்வாறே செய்க. கண்டவுடன் என்பது மரபுச் சொல். காண இயலாதவராயின், பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டவுடன் செய்க. அதில் வெட்கம் வேண்டா.