தசைப்பிடிப்பு என்று நான் சொன்ன குதிகால்

என் அன்பு வாப்பா,

கபுர்க் குழியில் உங்களுக்கு அல்லாஹ் நிம்மதியைத் தரட்டும். எனக்கு இங்கே நிம்மதி இல்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

இன்றைக்கு உயர்தர வகுப்பில் இழையங்களை வகைப்படுத்தச் சொன்னேன். ஒரு பிள்ளை தசைநாணைக் கொண்டுபோய்த் தசையிழையத்தின் கீழே எழுதியிருந்தாள். "தசையோட ஒட்டிக்கொண்டிருந்தா தசையாகிடுமா? அது கொலாஜன் நார், தொடுப்பிழையம். சுருங்காது, இரத்த ஓட்டமும் குறைவு, அறுந்தா லேசில ஆறாது!" என்று கத்திவிட்டேன். பாவம், அழுதுவிட்டாள். நான் கத்தியது அவளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

உக்குவளையில் முப்பது வருஷம் இறைச்சிக்கடை வைத்திருந்தவர் நீங்கள். பின்னங்கால் நாரில் கொக்கியை மாட்டித்தான் மாட்டைத் தொங்கவிடுவீர்கள். நார் எது, இறைச்சி எது என்று உங்கள் விரலுக்குத் தெரியும். கடைப் படியில் கால் தவறி விழுந்த அன்றைக்கே சொன்னீர்கள்: "மகள், குதிகாலுக்குப் பின்னுக்கு டப்பென்டு சத்தம் கேட்டிச்சு. கொக்கி மாட்டுற நார்தான் போயிருக்கு."

நான் கேட்டேனா? "பாதத்தை அசைக்க ஏலுது தானே வாப்பா. நார் அறுந்தா எப்படி அசையும்? இது தசைப்பிடிப்பு" என்றேன். மற்றத் தசைகளாலும் பாதம் அசையும் என்பது, அதைப் படிப்பிக்கிற எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. எண்ணெய் தடவி, ஒத்தடம் கொடுத்து ஒரு மாதத்தை ஓட்டினேன்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நம்மட டீச்சர் சொன்னா சரியாத்தான் இரிக்கும்" என்று நொண்டிக்கொண்டே பெருமை பேசினீர்களே, எதற்கு? "போடி, நீயும் உன்ட புத்தகமும்" என்று ஏசிவிட்டு ஒரு த்ரீவீலைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக்கூடாதா?

போனபோது பிந்திவிட்டது. அறுந்த முனைகள் விலகிவிட்டன, சீனி வருத்தமும் இருக்கிறது, இனித் தைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். "ஏன் இவ்வளவு நாள் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?" என்று அவர் கேட்டதும், நான் வாய் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "மகள் அன்டைக்கே வரச் சொன்னா டாக்டர். நான்தான் கத்திக்குப் பயந்து இருந்துட்டேன்."

டாக்டர் எழுதின மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் வரிசையில் நின்று தொழுத நீங்கள் மௌத்தாகும்வரை பள்ளிவாசலின் கடைசி வரிசையில், கதிரையில் இருந்து தொழுதீர்கள். அப்போதும் நான் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

உம்மா இன்றும் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறா: "எத்தின மாடு அறுத்த மனுசன், கத்திக்குப் பயந்து காலைக் கெடுத்துக்கிட்டார்." எல்லாரும் சிரிப்பார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். எத்தனை நாளைக்கு இப்படி?

வாக்குத் தருகிறேன் வாப்பா. இன்றைக்கு அஸர் தொழுததும் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஏசினால் ஏசட்டும். என் வாப்பா கத்திக்குப் பயந்த மனுசன் இல்லை.

உங்கள் மூத்த மகள்,
ரிஸானா