நாலு பாட்டு நேரம்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

ரீல்ஸுக்காகத் தெருவில் ஆடிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். படுத்திருந்த நாயின் வாலை மிதித்துவிட்டேன். அது கெண்டைக்காலில் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. அம்மா ஓடிவந்து சுண்ணாம்பு தடவப் போனாள். பக்கத்து வீட்டுக் காவ்யா தடுத்துவிட்டாள்.

"அதெல்லாம் வெக்காதீங்க ஆன்ட்டி. சோப்பு குடுங்க."

அவள் வேற ஹீரோவோட ரசிகை; அதனால் காவ்யாவுக்கும் எனக்கும் ஒரு வருஷமாக இன்ஸ்டாவில் சண்டை. எங்க ஹீரோ பாட்டைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டுமாம். அவள்தான் என் காலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு நிமிஷம் கழுவணும்டி. இழுக்காத."

"எரியுது. போதும்டி."

"உன் ஆளு பாட்டையே போடுறேன். நாலு பாட்டு முடியிற வரைக்கும் அழுவாம நில்லு."

நாலையும் முழுசாக ஓடவிட்டாள். ஒன்றைக்கூடப் பாதியில் தள்ளிவிடவில்லை.

வெறிநாய்க்கடியைப் பற்றி போனில் படித்துப் படித்து, பயந்துகொண்டேதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயத்தைச் சுற்றியும் கையிலும் ஊசி போட்டார்கள். "நல்லா கழுவிருக்கீங்க, அதுவே பாதி வைத்தியம்" என்றார் நர்ஸ். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை அடுத்த ஊசி. காவ்யாதான் வண்டியில் கூட்டிப்போகிறாள். வழியெல்லாம் அவள் ஹீரோ பாட்டைத்தான் போடுவாள். நானும் தள்ளச் சொல்லமாட்டேன்.