அந்த அறையைத் திறக்கச் சொல்

பெரக்கரை நாடு,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

மகன் ராஜதுரைக்கு,

உன் அப்பன் வெள்ளையன் வாயால் சொல்ல, நர்ஸம்மா ரோஸ்லின் கையால் எழுதுவது. நானும் உன் அம்மா ஆயம்மாளும் இருக்கிறோம். நீயும் மருமகளும் பிள்ளையும் சென்னையில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. போன் போட்டால் மீட்டிங் என்கிறாய். அந்த மீட்டிங் முடிகிற மாதிரி தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

மிளகு இந்த வருஷம் சரியாகப் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி. அதெல்லாம் இருக்கட்டும்.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்து ஓட்டுக் கொட்டகையின் சுவர் மழையில் ஊறி விழுந்துவிட்டது. சோற்று நேரம் என்பதால் பிள்ளைகள் வெளியே இருந்தார்கள். உன் அக்கா சங்கீதாவின் மகள் இளமதி மட்டும் தட்டை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். வலது கை முறிந்துவிட்டது. மலையடிவாரத்துக் காரவள்ளி இறங்குகிற வரைக்கும் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாள். நாமக்கல்லில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள். கட்டுப் போட்டு முடிந்ததும் என்னிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "அப்புச்சி, மாமனோட கம்ப்யூட்டரெல்லாம் நனஞ்சிருச்சா?" என்று கேட்டாள். இல்லை சாமி, அது ஒன்றும் நனையவில்லை என்றேன். அது பள்ளிக்கூடத்துக் காங்கிரீட் மெத்தைக் கட்டிடத்தில் பத்திரமாக இருக்கிறது. நனைந்தது நீங்கள்தான்.

பிள்ளைகள் அந்தக் கொட்டகைக்கு ஏன் போனார்கள் என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எதையும் எழுதி வைத்துவிட்டு மறக்கிற வசதி எனக்கில்லை. அந்த மெத்தைக் கட்டிடத்துக்கு ரோடு இல்லாத காலத்தில் மணல் சுமந்தவர்களை இன்றைக்கும் பேர் பேராகச் சொல்வேன். உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு சுமந்தாள். நீ அந்த அறையில்தான் அ, ஆ படித்தாய்.

போன தை மாதம் நீலச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக வந்து இறங்கினாய். பின்னாலேயே உன் கம்பெனி பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் ஏற்றிய லாரி. ஊர்க்கூட்டத்தில் நின்று, "நல்ல ரூம் ஒண்ணு வேணுங்க, ஒழுகாத ரூமு. இதுல ஒண்ணு தொலைஞ்சாலும் கம்பெனியில என் பேரு கெட்டுரும்" என்றாய். ஒழுகாத ரூம் இந்த ஊரில் ஒன்றுதான். பிள்ளைகளைக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னவன் நான். கருப்பண்ணன் அப்போதே, "ஏனுங்க மாமா, பொட்டிக்கு மெத்தை ஊடு, புள்ளைக்கு ஓட்டைக் கொட்டாயா?" என்று கேட்டான். அவனை அதட்டி உட்கார வைத்தேன். மகன் கொண்டுவந்தது அல்லவா.

நீங்கள் கொண்டுவந்த ஜெனரேட்டரை ஓட்டி, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தீர்கள். கூட வந்த பெரிய அதிகாரி என்னைக் காட்டி, இந்தப் பெரியவர் யார் என்று கேட்டார். "ஊர்க்காரர் சார், ரொம்ப ஒத்துழைப்பா இருந்தார்" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று போய்விட்டாய்.

நீங்கள் போன பிறகு ஜெனிபர் டீச்சர் கரண்டு வந்த நேரத்தில் போட்டுப் பார்த்தார். பாதிப் பெட்டிகளுக்கு உயிரே இல்லை. மீதி, பாஸ்வேர்டு சொன்னால்தான் உள்ளே விடுவேன் என்கிறதாம். உங்கள் ஆபீசில் யாரோ போட்டுவிட்டுப் போன பாஸ்வேர்டு. டீச்சர் உனக்கு எத்தனையோ தரம் கேட்டு அனுப்பினார். மெயில் போட்டிருக்கிறேன், பதில் வரும் என்றாய். ஒரு பிள்ளைகூட இன்றுவரை அதில் ஓர் எழுத்துப் படிக்கவில்லை. நீங்கள் கொடுக்க வந்தீர்களா, உங்கள் ஆபீசைக் காலி பண்ண வந்தீர்களா என்று ஊரில் கேட்கிறார்கள். ரோஸ்லின் இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதும்மா என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது கொட்டகையும் இல்லை. அன்றிலிருந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். வேறு இடம் இல்லாவிட்டால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடி, வாழவந்தி நாட்டுப் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று கல்வி ஆபீசிலிருந்து வந்து சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை மறுபடி பார்க்க வருவார்களாம். அங்கே போக நேர் பஸ் கிடையாது. சங்கீதா, கை சரியானாலும் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன், என்னோடு காட்டு வேலைக்கு வரட்டும் என்கிறாள். கம்ப்யூட்டர்களை என் வீட்டில் அடுக்கிவிட்டு அறையைத் திறந்தால் தீர்ந்தது. டீச்சரும், "ஐயா, நீங்க திறந்தா நான் பார்க்கலைன்னு இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

பிறகு ஏன் திறக்கவில்லை என்று ஊரே கேட்கிறது. "மவன் பவுசைக் காவல் காக்கறாரு கெழவரு" என்று கருப்பண்ணன் என் காதுபடச் சொல்கிறான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

நீ போன அன்று சாயந்திரம், பேர் கெட்டுவிடும் என்று நீ சொன்னதே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியசாமி கோயிலில் கற்பூரம் ஏற்றி, கொடுத்தவன் வாய் திறந்து சொல்லாமல் இந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்று அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். மீறினால் பழி யார் தலைமேல் என்று பூசாரி கேட்டான். என் மகன் ராஜதுரை தலைமேல் என்று சொல்லிவிட்டேன். ஊர்க்காரர் என்று நீ சொன்னது அப்போது காதில் இருந்தது. நான் உன் அப்பன் என்று சாமி முன்னாலாவது சொல்லத் தோன்றியது.

நம் மலையில் இந்தச் சத்தியத்தை யாரும் மீறியதில்லை என்பது உனக்குத் தெரியும். நீ இதையெல்லாம் நம்புவாயோ என்னவோ. நான் நம்புகிறேன். அதனால்தான் சாவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பிள்ளைகள் வீட்டில் கிடக்க.

நீ ஊருக்கு வர வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். தபால் புதனுக்குள் வந்து சேராது என்று ரோஸ்லின் இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறாள். அந்த நம்பருக்கே கூப்பிடு. "அப்பா, திறங்க" என்று ஒரு வார்த்தை உன் வாயால் சொல். அது போதும், சத்தியம் தீர்ந்துவிடும்.

புதன்கிழமை விடியும் வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் உன் குரல் வராவிட்டால் நான் திறந்துவிடுவேன். இளமதியை அந்த அறையில் உட்கார வைப்பேன். உன் தலைக்கு வருவது என் தலைக்கு வரட்டும் என்று நேற்றுக் கோயிலில் போய் அழுது சொல்லிவிட்டு வந்தேன். சாமி கேட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை.

பெரியசாமி உன்னையும் உன் குடும்பத்தையும் காக்கட்டும். கண்ணு, புதன்கிழமை ஒரு நாள் மட்டும் நீ வண்டி எடுக்காதே.

உன் அப்பன்
வெள்ளையன் (கைநாட்டு)